வூஃபர் விட்டு விட்டு அடித்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரமாக கார் நிறுத்துகிறவர்களில், டிக்கியில் வூஃபரும் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) அதை ஓட்டும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) போட்டவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது: "போட்ட புதுசில் டிக்கியே அதிர்ந்தது. இப்போ வால்யூம் ஏற்றினால் ஆம்ப் அணைந்து அணைந்து வருது." உடனே ஆம்ப் போச்சு, வூஃபர் போச்சு என்று புதுசு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பல நேரம் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும். போனது ஒரு போல்ட்டின் அடியில் இருக்கும் எர்த் தொடுப்பு.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். அதை மட்டும் வைத்து, டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ 4 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான் சுத்தமாகக் கொடுக்க முடியும். அட்டைப்பெட்டியில் 50 வாட் என்று அச்சடித்திருப்பது உச்சக் கணக்கு; அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 4 ஓம் வூஃபருக்கு 500 வாட் வேண்டுமென்றால் உச்சத்தில் 63 வோல்ட் தேவை. அதனால்தான் ஆம்புக்குள் மின்னழுத்தத்தை ஏற்றும் ஒரு சர்க்யூட் இருக்கிறது. வோல்ட்டை ஏற்றினால் அதற்கு ஈடாக பேட்டரியிலிருந்து ஆம்பியர் அதிகம் இழுத்தாக வேண்டும். 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும் முழு அடியில் 45 ஆம்பியர் வரும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து எடுப்பதே 8 ஆம்பியர் சொச்சம்தான்.

இந்த 45 ஆம்பியர் பேட்டரி பிளஸிலிருந்து சிவப்பு ஒயரில் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த்: ஆம்பிலிருந்து ஒரு ஒயர் காரின் இரும்பு பாடிக்கு, அங்கிருந்து பாடி வழியாகவே பேட்டரி மைனஸுக்கு. சிவப்பு ஒயருக்கு எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள்: தடிமனான ஒயர், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்ற. ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் இருக்க. ஆனால் எர்த் ஒயரை மட்டும் கைக்கு எட்டிய போல்ட்டில், பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கடற்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செம்பு லக் (ஒயர் நுனியில் போல்ட் நுழையும் வளையம்), இரும்பு பாடி, நடுவில் உப்பு ஈரம். மூன்றும் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரியே உருவாகி இரும்பு அரிக்கத் தொடங்கும். தொடுப்பில் 0.05 ஓம் தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் 45 ஆம்பியரில் அந்த இடத்திலேயே 2.25 வோல்ட் விழுந்துவிடும். 100 வாட் வெறும் சூடாகப் போகும். பேட்டரியும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஆம்புக்கு வரும் வோல்ட் 10 பக்கம் இறங்கி, ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

மீட்டரை ஓமில் வைத்து இதைப் பிடிக்க முடியாது. மீட்டர் ஒயர்களின் தடையே இதைவிட அதிகம். கரண்ட் ஓடும்போது வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை நீள ஒயர் கட்டி பேட்டரி மைனஸிலும், மறு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவிலும் வைத்து, நல்ல குத்துப்பாட்டாகப் போட்டு வால்யூமை ஏற்றுங்கள். 0.1, 0.2 என்று ஆடினால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆள் சிக்கினான். இதையே பேட்டரி பிளஸுக்கும் ஆம்ப் பிளஸுக்கும் நடுவில் செய்தால் சிவப்பு ஒயரின் வண்டவாளமும் தெரியும்.

போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக்கை இறுக்கி, அப்புறம் மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸ் முதலில் அல்ல, இறுக்கிய பிறகு. எர்த் ஒயர் சிவப்பு ஒயரின் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள்; அது உயிர் காக்கிற போல்ட்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஏறும் விசிலும் பல நேரம் இதே குடும்பம்தான். முன்னே ஸ்டீரியோவின் எர்த்துக்கும் பின்னே ஆம்பின் எர்த்துக்கும் வோல்ட் வித்தியாசம் வந்தால், ஆல்டர்னேட்டரின் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் டைனமோ) இரைச்சல், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் வழியாக நுழையும். வூஃபரில் அது அதிகம் கேட்காது, பாஸை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டர் வெட்டிவிடும். கதவு ஸ்பீக்கர்களும் அதே ஆம்பில் என்றால் காது வலிக்கும்.

எர்த் சரியாக இருந்தும் தொல்லை என்றால் வூஃபருக்கு வாருங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓமில் வைத்தால், 4 ஓம் 'காயில்' (வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) மூன்றரையை ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. இரட்டைக் காயில் வூஃபர் இரண்டை, எல்லாக் காயிலையும் பேரலலாக இணைத்திருந்தால் 4 ஓம் 1 ஓமாகிவிடும். 2 ஓமுக்குச் செய்த ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து 'புரொடெக்டுக்கு'ப் போவதில் வியப்பில்லை.

இரண்டு வூஃபரும் ஆடுகின்றன, பாஸ் மட்டும் காணோம் என்றால் ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர், காரைவிட நீளம். ஒன்று தள்ள ஒன்று இழுத்தால் காருக்குள் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றி, ஒரு பென்சில் செல்லின் பிளஸை பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸ் ஒயரிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபரின் கோன் (அதிரும் முன்பக்கக் கூம்பு) முன்னே வர வேண்டும். எது உள்ளே போகிறதோ அதன் ஒயர்களை மாற்றி மாட்டுங்கள்.