"சத்து மாத்திரைதானே டாக்டர்!"

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பலர் சட்டென்று "இல்லை" என்பார்கள். பொய் சொல்வதில்லை. சத்து மாத்திரையும் மூலிகைப் பொடியும் அவர்கள் கணக்கில் மருந்திலேயே சேராது.

கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு வாயெல்லாம் புண், உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது, வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. துருவிக் கேட்டதும் மகள் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "அப்பா சோர்வா இருக்காருன்னு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்." லேபிளைத் திருப்பினால், ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம். கேப்சிடபின் உடலுக்குள் 5-எஃப்யூ என்ற மருந்தாக மாறுகிறது. ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் தரும் சத்து) கூடினால் அதன் வீரியமும் கூடும், பக்கவிளைவும் கூடும். மகளின் அக்கறையில் குறையே இல்லை. அந்த டப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் சிக்கல்.

எதிர்த்திசையிலும் நடக்கும். மனச்சோர்வுக்குப் பலர் தாங்களாகவே வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு, இரினோடீகன், இமாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். இதில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. சிகிச்சை நடக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்போம். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

"வைட்டமின் என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்கு ஒரு தகவல். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த, உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின், அதை 18 சதவீதம் கூட்டியிருந்தது.

அப்புறம், காய்ச்சல். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே அவசரம். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் சில மணி நேரத்தில் கிருமித்தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கிவிடும், தொற்று உள்ளே அப்படியே இருக்கும். முதலில் வெப்பமானி, உடனே மருத்துவமனைக்கு போன். மாத்திரை அதற்குப் பிறகு.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். பெமெட்ரெக்செட் என்ற புற்றுநோய் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அதே ஃபோலிக் அமிலத்தை நாங்களே எழுதித் தருகிறோம். அங்கே அதுதான் பக்கவிளைவைக் குறைக்கிறது. அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் டப்பா, பொடி, சிரப் எல்லாவற்றையும் லேபிள் தெரியப் படமெடுத்து வாருங்கள். திட்ட மாட்டோம்.