இன முன்முடிவு

'ரேஷியல் பிரெஜுடிஸ்' என்னும் ஆங்கிலத் தொடருக்கு மதுரையில் மேடைப் பேச்சிலும் சுவரொட்டியிலும் 'இனவெறி' என்ற சொல்லே பெரும்பாலும் வழங்குகிறது. அது பொருந்தாது, 'இன முன்முடிவு' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. இனத்தைக் குறிக்கும் 'ரேஸ்', இத்தாலிய 'ரட்சா'விலிருந்து பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 'பிரெஜுடிஸ்' என்பது முன் என்னும் பொருளுடைய இலத்தீன் 'பிரே'யும் தீர்ப்பு என்னும் பொருளுடைய 'யூடிகியும்' என்ற சொல்லும் சேர்ந்து பிறந்தது. விசாரிக்கும் முன்பே எழுதிவைத்த தீர்ப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

நம் 'வெறி' தன்னிலை இழத்தலைக் குறிப்பது. முருகன் தன்மேல் இறங்கியதாக வேலன் என்னும் பூசாரி ஆடும் ஆட்டத்தைச் சங்கப் பாடல்கள் 'வெறியாட்டு' என்கின்றன. ஆனால் முன்முடிவு கொண்டவர் பெரும்பாலும் நிதானமாகவே இருக்கிறார். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி தாக்கி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியபோது இரண்டு செய்திப் படங்கள் வெளியாயின. இடுப்பளவுக்கு மேற்பட்ட நீரில் உணவுப் பொருளோடு நடக்கும் கறுப்பின இளைஞர் ஒரு படத்தின் குறிப்பில் 'கடையைச் சூறையாடியவர்' ஆனார். வெள்ளையர் இருவர் மற்றொன்றில் ரொட்டியையும் குளிர்பானத்தையும் 'கண்டெடுத்தவர்கள்' ஆயினர். படமெடுத்தவர்கள் தாம் கண்டதையே எழுதியதாக விளக்கினர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கறுப்பின மக்கள் எல்லோரையும் கொள்ளையராகக் கருதும் பேச்சு அந்நாட்களில் எங்கும் பரவியிருந்தது என்பதும் உண்மை. செப்டம்பர் 4 அன்று அந்நகரின் டான்சிகர் பாலத்தில் நிராயுதபாணிகளான கறுப்பின மக்களைக் காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தனர்.

முன்முடிவு இறுகினால் 'காழ்ப்பு'. காழ் என்பது மரத்தின் வைரம். முள்மரம் முற்றியபின் வெட்டுபவர் கையையே வருத்தும் என்பதைக் குறள் 'காழ்த்த இடத்து' (879) என்று சொல்கிறது. அந்தக் காழ்ப்பு கையை ஓங்கும்போதுதான் 'வெறி' என்ற சொல் தேவைப்படுகிறது. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ, யோகோஹாமா பகுதியை நிலநடுக்கம் அழித்தபின், கொரியர்கள் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்ற வதந்தியை மக்கள் நம்பியது முன்முடிவு. அதை நம்பிய கும்பல்கள் கொரியர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றது இனவெறி.

'தப்பெண்ணம்' என்பாரும் உண்டு. 'என்னைத் தப்பா நினைக்காதீங்க' என்று ஒரு விளக்கத்தில் தீர்ந்துபோகும் மனத்தாங்கலையும் அது குறிப்பதால், இந்தக் கொடுமைக்கு அது மிக இலேசான சொல். மதுரைச் செல்லூரில் மழைவெள்ளம் புகுந்த நாளில் அரிசி மூட்டையோடு வருபவர் ஊர்க்காரரானால் 'பாவம், மிஞ்சியதைக் காப்பாற்றுகிறார்' என்றும், வடமாநிலத் தொழிலாளியானால் 'எங்கே தூக்கினான்?' என்றும் தோன்றுமாயின், பின்னதற்கு 'முன்முடிவு' என்பதே சரியான பெயர். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினம் பகுதி நிவாரணத்தில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை எழுதும்போது மட்டும் 'இன' என்னும் அடையை நீக்கி, 'சாதி முன்முடிவு' என்று வெளிப்படையாகவே எழுத வேண்டும்.