எலிகளுக்கும் அழுகுணி ஆட்டம் பிடிக்காது

"போ, நான் ஆட்டத்துக்கு வரலை!"

சின்ன வயதில் இதைவிடப் பெரிய ஆயுதம் எங்களிடம் இருந்ததில்லை. கண்ணாமூச்சியில் விரலிடுக்கு வழியாகப் பார்த்தவனைக் கண்டிக்க நடுவர் கிடையாது. ஒருத்தி முறுக்கிக்கொண்டு கிளம்பினால் ஆட்டமே கலைந்துவிடும். அதனால் கெஞ்சுவோம், விதியை மாற்றுவோம். பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டதும் இரக்கத்தால் அல்ல. அவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனால் திட்டு எங்களுக்குத்தானே!

விளையாட்டை ஓட்டுவதே இந்தப் பேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எலிக்குட்டிகளிடமும் அது இருக்கிறது. நிஜச் சண்டையில் எலி பெரும்பாலும் எதிரியின் பின்பக்கத்தைக் கடிக்கும். விளையாட்டில் குறி பிடரி. அங்கே மூக்கால் ஓர் உரசல், அவ்வளவுதான். மல்லாக்கத் தள்ளி மேலே ஏறி நிற்கும் குட்டி, சற்று நேரத்தில் பிடியைத் தளர்த்தும். கீழே கிடந்தது புரண்டு மேலே வந்துவிடும். ஜெயிக்கக்கூடியதே வேண்டுமென்று விட்டுக்கொடுக்கிறது!

அப்போது அவை எழுப்பும் கீச்சொலி சுமார் 50 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20-ஐத் தாண்டாது. 1990-களின் பிற்பகுதியில் நரம்பியல் ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் கையால் கிச்சுகிச்சு மூட்டியபோதும் எலிகள் அதே ஒலியை எழுப்பின. அதைச் சிரிப்பு என்றே அவர் சொன்னார். சக ஆய்வாளர்கள் பலருக்கு அது ரசிக்கவில்லை.

விளையாடும் ஆசை மூளையின் ஆழத்தில் இருக்கிறது. மேலே போர்த்தியிருக்கும் புறணியை நீக்கினாலும் குட்டிகள் விளையாடும். ஆனால் எதிராளிக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றும் நுணுக்கம் மங்கிவிடும். கனடாவில் செர்ஜியோ பெல்லிஸ் குழுவினர், விளையாடத் துணையின்றி வளர்ந்த எலிகளின் முன்மூளையைச் சோதித்தார்கள். அங்கே நரம்பு செல்களின் கிளைகள் கத்தரிக்கப்படாமல் புதர் மாதிரி இருந்தன. விளையாடி வளர்ந்தவற்றிலோ தேவையற்ற கிளைகள் களையப்பட்டிருந்தன.

எலியை வைத்துக் குழந்தையை அளந்துவிட முடியாது, சரி. ஆனாலும் விளையாட்டு ஓர் ஊருக்கோ காலத்துக்கோ மட்டும் சொந்தமில்லை. ஆர்க்டிக் பனியிலும் பசிபிக் தீவுகளிலும் நூலை விரல்களில் மாட்டி உருவம் செய்யும் ஆட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகல் 1560-இல் தீட்டிய ஓவியத்தில் இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எண்பதுக்கும் அதிகமான விளையாட்டுகளை ஆடுகிறார்கள். இடது ஓரத்தில் இருவர் எலும்புத் துண்டுகளை வைத்து நம் அஞ்சாங்கல் போலவே ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்களைத்தான் அதில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.