பிஎச் அரைப் புள்ளி குறைந்தால்

மலையகத்தில் சுருக்கெழுத்துகளுக்குப் பஞ்சமில்லை. தேயிலைத் தூள் மூட்டையில் பி.ஓ.பி. என்றிருக்கும், உர மூட்டையில் என்.பி.கே. இருக்கும். இவையெல்லாம் வெறும் பெயர்கள். மண் பரிசோதனை அறிக்கையில் அமிலத்தன்மையைக் காட்ட வரும் பிஎச் சற்று வேறு சாதி, அதற்குள் ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர் 1909-இல் இதை அறிமுகப்படுத்தினார். எச் என்பது ஐதரசன். பி எதைக் குறிக்கிறது என்று அவர் தெளிவாகச் சொல்லி வைக்காததால் ‘அடுக்கு’ என்பார் சிலர், ‘மின்னழுத்தம்’ என்பார் சிலர். இன்றைய பயன்பாட்டில் குழப்பமில்லை: ஐதரசன் அயன் செறிவுக்குப் பத்தை அடியாகக் கொண்ட மடக்கையை எடுத்து, குறியை மாற்ற வேண்டும். 25 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தூய நீரில் 0.0000001 மோல் ஐதரசன் அயன் உண்டு. அது பத்தின் −7ஆம் அடுக்கு. எனவே பிஎச் 7.

நீண்ட தசமத்தைச் சிறு எண்ணாக்கும் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பிஎச் ஒன்று குறைந்தால் அயன் பத்து மடங்காகிறது. பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்ததும் கடுஞ்சிவப்பு வெளிறிப் பொன்னிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். பிஎச் 5-இலிருந்து 3-க்கு இறங்கினால் அயன் நூறு மடங்கு. சாயப் பொருள்கள் அதற்கு ஏற்றாற்போல் நிறம் மாறுகின்றன.

தேயிலைக்கு உகந்த மண் 4.5 முதல் 5.5 வரை. அறிக்கையில் 4.0 என்று வந்தால் “அரைதானே குறைவு” என்று தோன்றும். அந்த அரை, மூன்று மடங்குக்கும் சற்று மேல். சராசரி எடுப்பதிலும் இதே பொறி. பிஎச் 4 ஒன்று, 6 ஒன்று என்றால் 5 என்று எழுதத்தான் கை போகும். அயன் செறிவைச் சராசரி எடுத்துத் திரும்பப் பிஎச் ஆக்கினால் வருவது 4.3. பள்ளியில் மடக்கை அட்டவணையைத் திட்டியவர்கள் இங்கே கொஞ்சம் மன்னிக்கலாம்.

மண் ஏன் புளிக்கிறது? மழை கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. அதற்கு மேல் உரம். யூரியாவோ அமோனியம் சல்பேட்டோ போட்டால், அமோனியத்தை மண் பக்டீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஒவ்வோர் அமோனியத்துக்கும் இரண்டு ஐதரசன் அயன்கள் வெளிவருகின்றன. அமிலம் ஏற ஏற அலுமினியம் கரையத் தொடங்கும். தேயிலை அதைத் தாங்கி முதிர்ந்த இலைகளில் சேர்த்துக்கொள்ளும். நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களில் பல பயிர்களுக்கு அந்தத் திறமை கிடையாது, வேர்நுனி கட்டையாகிவிடும்.

கவ்வாத்துக் காலத்தையொட்டித் தேயிலை மலைகளில் டொலமைட் என்ற சுண்ணக்கல் வகைத் தூளைத் தூவுவது இதற்காகத்தான். அதிலுள்ள காபனேற்று, ஐதரசன் அயனைப் பிடித்து நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. எவ்வளவு தூவுவது என்பதைப் பிஎச் மட்டும் சொல்லாது. அது மண்ணின் ஈரத்தில் கரைந்திருக்கும் அயனைத்தான் அளக்கிறது. களித்துணிக்கைகளிலும் மக்கிலும் ஒட்டியிருக்கும் கையிருப்பு அதைவிடப் பன்மடங்கு. சட்டைப்பையைத் தடவிப் பார்த்து வங்கிக் கணக்கைச் சொல்ல முடியாது அல்லவா? ஒரே 4.0 காட்டும் இரண்டு மலைகளில், மணற்பாங்கானதற்குக் கொஞ்சம் டொலமைட் போதும், களியும் மக்கும் நிறைந்ததற்கு நிறைய வேண்டும். அந்தக் கையிருப்பைக் கண்டுபிடிக்க, மண்ணோடு, பிஎச் எளிதில் மாறாத தாங்கற் கரைசலைச் சேர்த்து இன்னொரு முறை அளக்கும் சோதனையும் உண்டு.