உறைக்குள் துருப்பிடிக்கும் தோட்டத் துப்பாக்கி

ஐப்பசி பிறந்ததிலிருந்து என் பட்டறைக்கு வந்த ஐந்தாவது துப்பாக்கி இது. தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கும் பெரியவர், அப்பாரு காலத்து, வாய்வழியே வெடிமருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கியை ரெக்சின் உறையோடு தூக்கி வந்தார். பத்து நாள் முன்பு பன்றியை விரட்ட குண்டில்லாமல் வெறும் மருந்து போட்டு வெடித்திருக்கிறார். பிறகு துடைத்து, எண்ணெய் விட்டு, உறையில் போட்டுவிட்டார்.

“சொட்டுத் தண்ணீர் படவிடவில்லைங்க” என்றார். கெட்டதே அதனால்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் குழல் முழுக்கத் துரு அரித்த அம்மைத் தழும்பு.

எத்தனை முறை சொல்வது? இந்தத் துப்பாக்கியில் போடும் கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. வெடித்த பிறகும் உப்புக் கசடு குழலில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அடைமழையில் அடுக்களை உப்பு கசிவதைப் பார்த்ததில்லையா? அதே கதைதான் இங்கேயும். உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். கசடின் மேல் எண்ணெய் பூசுவது, சேற்றுக் காலைக் கழுவாமல் செருப்புப் போடுவது போல.

வெடித்த அன்றே கழுவுங்கள். முதலில் குழல் காலிதானா என்று திணிக்கும் கம்பியை விட்டு அளந்து பாருங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, கேப் மாட்டும் நிப்பிளைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சோப்பு கலந்த வெந்நீர் வாளியில் நிறுத்தி, கம்பியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுங்கள். கறுப்பு போய்த் தெளிந்த நீர் வரும்வரை விடாதீர்கள். கடைசியாக நன்றாகக் கொதித்த நீரை ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். சூடு ஆறுமுன் துப்பாக்கி எண்ணெய் தடவுங்கள். மரக்கட்டையை மட்டும் நனைக்காதீர்கள், ஊதிவிடும். புகையில்லா மருந்துத் தோட்டா போடும் துப்பாக்கிக்கு இந்தக் குளியல் தேவையில்லை.

பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறைந்து, கேப்பை அடிக்கும் குதிரை பாதியில் நிற்கிறது.

உறை, தூக்கிப் போவதற்கு மட்டும். உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே கிடந்து இரும்பைத் தின்னும். வீட்டில் உறையில்லாமல், ஈரச் சுவரில் சாயாமல், பூட்டிய அலமாரியில் வையுங்கள். மருந்து வேறு இடத்தில் இருக்கட்டும். தேர்தலுக்காகப் போலீசில் ஒப்படைக்கும்போதும் கழுவி, எண்ணெய் பூசிக் கொடுங்கள். திரும்பி வரும் துப்பாக்கிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மருந்து நமுத்து வெடிக்கவில்லை என்றால், தயவுசெய்து குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். வாயை ஆளில்லாத மண்கரைப் பக்கம் வைத்து ஒரு முழு நிமிடமாவது பொறுங்கள். தாமதமாக வெடித்துக் கையைப் பதம் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன்.

பெரியவரின் குழலை இனி வெடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். உங்களுடையதை அந்த நிலைக்கு வருமுன்பே கொண்டு வாருங்கள், உரிமப் புத்தகத்தோடு. அது இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டேன்.