சுவருக்கு ஓவியரைத் தேடும் முன் தெருவில் நாலு பேரைக் கேளுங்கள்

மறுபடியும் ஒரு மீனவர் குப்பத்தில் சீனவலை வரைந்து வைத்திருக்கிறார்கள். வடசென்னையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நீளமான சுவர் அது. மேலே "எங்கள் கடல், எங்கள் பாரம்பரியம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே கொச்சிக் கரையில் நிற்கும் சீனவலை, கேரளத்து வள்ளம், பின்னால் தென்னந்தோப்பு. ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் செய்து கொடுத்தது. நிறம் உரிகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது சுவருக்கு எதிரிலேயே ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையில் ஊசியும் நைலான் நூலுமாகக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா இது, எந்த ஊரு வலை? நாங்க கண்ணால கூட பாத்ததில்ல" என்றார்.

வரைந்த பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூகுளில் தேடி முதலில் வந்த படத்தை வரையும்படி அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்குக் கொடுத்ததே ஒரு வாரம்தான். அந்தப் பெரியவர் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். சாரம் கட்டியபோதும் இருந்தார். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவரோவிய வேலைகளை ஒருங்கிணைப்பதுதான் என் தொழில். குடியிருப்போர் நலச்சங்கம், பள்ளிக்கூடம், கம்பெனி, வார்டு அலுவலகம் என்று யார் பேசினாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நம்ம ஏரியா ஹெரிடேஜ் வரணும் மேடம்." என்ன ஹெரிடேஜ் என்று கேட்டால் கோபுரம், பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, கோலம் என்று பட்டியல் வரும். எந்தப் பேட்டையாக இருந்தாலும் இதே பட்டியல்தான். இந்த நான்கும் நம்முடையவைதான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஜல்லிக்கட்டே நடக்காத தெருவில் காளையை வரைந்துவிட்டு அதை அந்தத் தெருவின் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது? பேட்டையின் பாரம்பரியம் என்பது அங்கே வாழ்ந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள், எதற்காகக் கூடினார்கள், எதை இழந்தார்கள், பொழுது சாய்ந்ததும் என்ன விளையாடினார்கள் என்பதெல்லாம் சேர்ந்தது. சுற்றுலாத் துறை போஸ்டரில் அது கிடைக்காது.

ராயபுரத்தில் இருப்பவர்கள் என்னிடம் கோபுரம் கேட்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் அவர்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் இருந்தது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மில் 1996-ல் மூடிவிட்டது. சங்கு ஊதினால் எழுந்து ஷிஃப்டுக்குப் போனவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். மீனவர் குப்பத்துச் சுவரில் அவர் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வியாசர்பாடியின் கால்பந்து, வடசென்னையின் குத்துச்சண்டை, கேரம், கானா இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் காலண்டர் படத்துக்குப் போகிறோம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் அண்ணா சாலையிலும் காமராசர் சாலையிலும் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று மாநகராட்சி தடை போட்டுச் சுவர்களில் ஓவியம் வரையச் சொன்னது. அந்தச் சாரங்களில் ஏறியவர்களில் பலர் சினிமா பேனர் ஓவியர்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிழைப்பு போனவர்கள். முப்பதடி உயரத்துக்கு ஒரு முகத்தைக் கட்டம் போட்டுப் பிசகாமல் வரையும் அந்தக் கை வித்தையே இந்த ஊரின் சொத்து. அவர்களில் சிலர் இன்னும் வேலை செய்யத் தயாராக இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் இல்லை என்பதால் உங்கள் கண்ணில் படுவதில்லை.

"மக்களைக் கேட்டோமே, டிசைனைக் காட்டினோமே" என்பார்கள். முடிந்துபோன டிசைனைக் காட்டித் தலையாட்ட வைப்பதைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள். காகிதத்தில் ஒரு கோடு விழும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1984-ல் சுவர்க் கிறுக்கல் தடுப்புத் திட்டத்தில் ஆரம்பித்த சுவரோவிய அமைப்பு இன்றுவரை அக்கம்பக்கத்தாரோடு கூட்டம் போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கொடுப்பார்கள். சமூகக் கூடத்தில் பாட்டிகளும் பிள்ளைகளும் உட்கார்ந்து நிறம் தீட்டுவார்கள். பிறகு அதைச் சுவரில் ஒட்டுவார்கள். சாரம் ஏற முடியாதவர் கையும் அந்தச் சுவரில் இருக்கும்.

இங்கே அவ்வளவு கூட வேண்டாம். கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத் தலைவர் வீட்டு மாடியில் வைக்காதீர்கள். அங்கே வருகிறவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தான். தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குத் தெருவில் நில்லுங்கள், டீக்கடையில் உட்காருங்கள், மீன் விற்கும் அக்காவிடம் பேசுங்கள். வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்களைக் கேளுங்கள். போட்டோவை வாங்கினால் படம் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். எத்தனை வீட்டில் "போன தடவ வாங்கினவங்க குடுக்கவே இல்ல" என்று கேட்டிருக்கிறேன் தெரியுமா? உயிரோடிருக்கிறவர் முகத்தை வரைவதானால் அவரிடம் எழுதி வாங்குங்கள். இறந்தவர் என்றால் குடும்பத்திடம் வாங்குங்கள். இப்போது பதவியில் இருக்கும் அரசியல்வாதி முகம் வேண்டவே வேண்டாம். தேர்தல் நடத்தை விதி வந்ததும் துணி போட்டு மூடுவார்கள், ஆட்சி மாறினால் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

தெருவில் சண்டை வரும். எங்கள் சாதிக்காரர் ஏன் இல்லை, எங்கள் கோயில் ஏன் சிறிதாக இருக்கிறது என்பார்கள். அதற்குப் பயந்துதான் பலர் யாரையும் கேட்காமல் மயிலை வரைந்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சு ஓவியத்துக்கு முன்பே நடந்துவிடட்டும். முன்னால் நடந்தால் டீயோடு முடியும். பிறகு நடந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் தார் விழும்.

இனி சுவர். ஓதம் ஏறும் சுவரில் எந்த பெயின்டும் நிற்காது. எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷனும் நிற்காது. கடற்கரைப் பக்கம் உப்பு பூத்துப் பொரிந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், ஓவியர் பிறகு வரட்டும். புது சிமென்ட் பூச்சு என்றால் ஒரு மாதம் காயட்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்டைப் பூசாதீர்கள். அது மூச்சு விடும் சுவர், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு காரையோடு பெயர்ந்து விழும். நூறு வருஷ வீட்டைப் பெருமைப்படுத்துகிறேன் என்று அந்த வீட்டையே கெடுத்த வேலைகளை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. ஐப்பசி கார்த்திகையில் வேலை வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மழைச்சேறு தெறிக்கும், அங்கே அடர்ந்த நிறத்தில் வெறும் பட்டை போதும், முகம் வேண்டாம். சாரத்தில் ஏறுகிறவருக்கு பெல்ட் போடுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் சாரம் என்றால் மின்வாரியத்தில் சொல்லாமல் தொடாதீர்கள்.

காகித வேலை. சுவர் யாருடையது? சுவர்க்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டும். அரசுச் சுவர் என்றால் அந்தந்தத் துறையில் கேட்க வேண்டும். கவுன்சிலர் தலையாட்டியது அனுமதி ஆகாது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் ஓவியரின் பெயரை மறைக்கவோ, அவர் மதிப்பு கெடும்படி ஓவியத்தைச் சிதைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை. பிரிவு 57 அதைத்தான் சொல்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும், மிச்சமிருந்ததை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. அரசுக்கே அந்த நிலை என்றால் உங்கள் சங்கத்துக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓவியர் பெயரைச் சுவரில் எழுதுங்கள், உங்கள் லோகோவுக்கு ஒதுக்கும் அளவுக்காவது. நிறம் மங்கினால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் வேலை தொடங்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். திறப்பு விழாவுக்கு ஷாமியானாவும் சால்வையும் வாங்கும் பணத்தில் பாதி போதும். பெயின்ட் கம்பெனி, நிற எண், ப்ரைமர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்து ஃபைலில் வையுங்கள். நாலு வருஷம் கழித்து ஒட்டுப்போட வருகிறவர் அதே நீலத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

அந்தக் குப்பத்துச் சுவரைச் சுரண்டித் திரும்ப வரைய நிறுவனம் ஒத்துக்கொண்டிருக்கிறது. தை பிறந்த பிறகு, பூச்சு காய்ந்த பிறகு, குப்பத்தில் பேசிய பிறகுதான் சாரம் கட்டுவோம் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேலை விசாரிக்க எழுதுகிறவர்கள் தயவு செய்து டிசைன் அனுப்ப வேண்டாம். மழை பெய்த மறுநாள் எடுத்த சுவரின் போட்டோவையும், அந்தத் தெருவில் நீண்ட காலமாக இருக்கும் ஐந்து பேரிடம் நீங்கள் கேட்டு எழுதியதையும் அனுப்புங்கள்.