உப்புக் காற்றும் பால்கனிக் கம்பியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகக் குடாவை ஒட்டி ஓடும் மார்கரெட் ம்ன்காடி அவென்யூவைப் பெரியவர்கள் இன்னும் எஸ்பிளனேட் என்றுதான் சொல்கிறார்கள். குவாட்ரன்ட் ஹவுஸ் போன்ற பழைய மாளிகைக் குடியிருப்புகள் அங்கே கடலைப் பார்த்து நிற்கின்றன. யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் 1991இல் நீங்கும்வரை, இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் அங்கே வீடு வாங்க வழியில்லை. இன்று வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை.

1930களின் ஆர்ட் டெக்கோ என்னும் கட்டடப் பாணியின் அழகே கம்பி போட்ட கான்கிரீட் தந்ததுதான்: வளைந்த மூலை, ஜன்னலுக்கு மேல் புருவம்போல நீளும் மெல்லிய சன்ஷேடு, தூணில்லாமல் வெளியே நீட்டி நிற்கும் பால்கனி. புதுக் கான்கிரீட்டின் பிஹெச் ஏறக்குறைய 13. அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். கடல் உப்பின் குளோரைடு நுண்துளை வழியே இறங்கி அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடுகிறது. துரு, இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெட்ட, காரை விண்டு பாளமாக விழும். சன்ஷேடின் மேற்புறத்தை மழை கழுவிவிடும், அடிப்புறத்து உப்பு அங்கேயே தங்கும்.

பால்கனியில் கணக்கு வேறு. நீட்டிய பலகையில் சுமை ஏறும்போது இழுபடுவது மேல்பக்கம் என்பதால், முதன்மைக் கம்பி அங்கேதான் இருக்கும். அடியில் காரை உதிர்வது பயமுறுத்தும். அதைவிட அஞ்ச வேண்டியது, சுவரோடு சேரும் இடத்தில் மேலே ஓடும் கீறல். பின்னாளில் ஒட்டிய டைல்ஸ் அதை மறைத்துவிடும், வடிகுழாய் அடைத்துத் தேங்கும் நீர் அதன் வழியாகவே இறங்கும். கடலை ரசிப்பதற்குமுன் அந்த மூலையைப் பாருங்கள்.

சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல காரை ‘ணங்’ என்னும், பிடிப்பு விட்ட காரை ‘பொத் பொத்’ என்னும். பால்கனியானால் கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. தோண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை துருவை எடுத்தபின் பூச்சு. மேலாகச் சிமெண்டை அப்பிப் பெயின்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு. ஒழுங்காகச் செய்தாலும் ஒரு சிக்கல் உண்டு: புதுக் காரைக்குள் கம்பி பிழைத்துக்கொள்ள, உப்பு ஊறிய பக்கத்துக் காரையில் துரு வேகமெடுக்கும், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகக் கீறல் விழும். ஓரத்தில் கம்பியோடு துத்தநாகக் கட்டியைப் பிணைத்து வைத்தால் இரும்புக்குப் பதில் அது கரையும்.

60 ஆண்டு தாண்டிய கட்டடத்தில் மாற்றம் செய்ய, 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி அனுமதி வேண்டும். வெளிப்புறப் பழுதின் செலவு, வீட்டு உரிமையாளர்கள் கட்டும் பொதுக் கட்டணமான லெவியாக எல்லோர் தலையிலும் விழும்; வாங்குமுன், அந்த உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த நிர்வாக அமைப்பான பாடி கார்ப்பரேட்டின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.